சென்னையில் கடல்மீன் தொட்டி: மென்மையான மீன்களை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றும் வழி

கடல் வண்ணமீன்களுள் டாம்செல், கோமாளி மீன் போன்ற சில, புதிதாகத் தொட்டி வைப்பவரின் தவறுகளையும் பொறுத்துக்கொண்டு பிழைத்துவிடும். காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன், மாண்டரின், ஆந்தியாஸ், லெப்பர்ட் ராஸ், பவுடர் புளூ டாங் முதலியவற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இவற்றை வாங்கி இரண்டு மாதத்துக்குள் இழந்தவர்கள், அந்த மீனே தொட்டிக்கு ஒத்துவராதது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில இனங்களைப் பொறுத்தவரை அது சரிதான். மற்றவற்றில், மீன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலைகள் செய்யப்படாமல் போனதுதான் காரணமாக இருக்கும். நன்றாகப் பேணப்படும் கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால், ஆறு மாதம் உயிரோடிருந்ததை வெற்றியாகக் கணக்கிட முடியாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த முன்வேலைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

எவற்றை வாங்கவே கூடாது

உயிருள்ள பவளத்தை மட்டுமே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன் இனங்கள் பல உண்டு. மேயர், ஆர்னேட், மெலன் என்ற பெயர்களில் கடைக்கு வருபவை அத்தகையவை. கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும் இவை தொட்டியில் பட்டினி கிடந்தே இறக்கும். மூரிஷ் ஐடலும் ஏறக்குறைய அப்படித்தான். இயற்கையில் கடற்பஞ்சுகளைக் கொறித்து வாழும் அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர் மிகச் சிலரே. என் கருத்தில், இவற்றை விலை கேட்காமல் கடந்துவிடுவதே நல்லது.

வேறு சிலவற்றைச் சட்டமே தடுக்கிறது. கடல்குதிரையும் அதன் உறவான குழல்மீன்களும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. பாறை கட்டும் பவளங்களும் கடல்விசிறிகளும் அதே பாதுகாப்பின் கீழ் வருகின்றன. எனவே பவளக்கல்லைத் தேடி அலையாமல், பீங்கான் போன்ற பொருள்களில் செய்யப்படும் துளைகள் நிறைந்த செயற்கைப் பாறையைப் பயன்படுத்தலாம். நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கு வேண்டியது பரப்பும் துளைகளும் மட்டுமே; கல் எங்கிருந்து வந்தது என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல.

தண்ணீர்

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு உப்புத்தண்ணீரைக் காசு கொடுத்துத் தயாரிக்க வேண்டுமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். சென்னைக் கரையில் கூவம், அடையாறு, எண்ணூர்க் கழிமுகம் ஆகிய மூன்றும் நகரத்தின் கழிவுகளோடு கடலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுவெள்ளம் சேர்ந்து கரையோர நீரின் உப்புத்தன்மையும் குறைந்துவிடுகிறது. கோவளத்துக்குத் தெற்கே சென்று எடுத்துவருபவர்கள் உண்டு என்றாலும், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. மென்மையான மீன்களுக்கு அந்த உறுதிதான் முதல் தேவை. ஆகவே தூய நீரில் கடல்மீன் தொட்டிக்கென விற்கப்படும் உப்புக்கலவையைக் கரைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. 100 லிட்டருக்கு ஏறத்தாழ 3.6 முதல் 4 கிலோ வரை தேவைப்படும். சமையலறைக் கல்லுப்பு இதற்கு உதவாது. கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் முதலியவை தக்க விகிதத்தில் அதில் இல்லை.

தூய நீர் என்று இங்கே சொல்வது நீரில் கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் டீடீஎஸ் மீட்டரில் சுழியம் காட்டும் நீரை. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. எந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகச் சற்று மூலநீரைக் கலந்துவிடும் அமைப்பு இருப்பதால், அவற்றிலிருந்து வரும் நீரில் டீடீஎஸ் 50, 80 என்று நிற்கும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரோ லாரித் தண்ணீரோ மூலமாக இருக்கும்போது இந்தக் கலப்பில் என்னென்ன சேர்கிறது என்று கணிக்க முடியாது. தொட்டிக்கெனத் தனியாக ஓர் ஆர்.ஓ. வைத்து, அதன் முன்னே குளோரினை நீக்கக் கார்பன் வடிகட்டியும், பின்னே அயனிநீக்கப் பிசினும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

கலந்த நீரைப் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்திருந்த பிறகு, உப்புத்தன்மையை ரிஃப்ராக்டோமீட்டரால் அளக்க வேண்டும். ஒப்படர்த்தி 1.026, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு என்பது இலக்கு. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தூய நீரால் சரிபார்ப்பதைவிட, 35 பங்கு அளவுள்ள நிர்ணயக் கரைசலால் சரிபார்ப்பது நம்பகமானது. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆகவே குறையும் மட்டத்தை உப்பில்லாத தூய நீரால் தினமும் நிரப்ப வேண்டும். மின்விசிறி ஓடும் சென்னை வீட்டில் ஆவியாதல் மிக அதிகம். மட்டம் குறைந்தவுடன் தானாக நீர் ஊற்றும் கருவி ஒன்று இருந்தால் உப்புத்தன்மை ஏறியிறங்காமல் நிலைத்திருக்கும்.

புதிய தொட்டியில் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கி அங்கேயே நின்ற பின்புதான் கோமாளி மீனைக்கூட விட வேண்டும். மேலே சொன்ன மென்மையான மீன்களுக்கு அந்தக் காத்திருப்பு போதாது. பாசியும் சிற்றுயிர்களும் பாறையில் நிலைகொண்ட, எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை ஓடிய தொட்டியே அவற்றுக்கு ஏற்றது.

வெப்பமும் மின்தடையும்

கத்திரி வெயிலில் மூடிய அறையில் இருக்கும் தொட்டியின் நீர் 31, 32 டிகிரியை எளிதில் தொட்டுவிடும். மன்னார் வளைகுடாவிலேயே கோடையில் நீர் 30 டிகிரி இருக்கிறதே என்று வாதிடுபவர்கள் உண்டு. அது உண்மைதான், ஆனால் கடலில் மீன் ஆழத்துக்கு நகர்ந்துகொள்ள முடியும், அலை ஓயாமல் காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும், கழிவும் ஓரிடத்தில் தேங்குவதில்லை. தொட்டியிலோ வெப்பம் ஏறும்போது மூன்று தீங்குகள் சேர்ந்தே வருகின்றன. முதலாவதாக, நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் சுமார் 6.2 மட்டுமே. இரண்டாவதாக, அதே வேளையில் மீனின் உடல் முன்னிலும் கூடுதலான ஆக்சிஜனைக் கேட்கிறது. மூன்றாவதாக, ஒட்டுண்ணிகளின் பெருக்கம் வேகம் பிடிக்கிறது. 26 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது நல்லது. 28 டிகிரி ஏறியிறங்காமல் நிலையாக இருந்தாலும் பாதகமில்லை. பகலில் 30, இரவில் 26 என்று தினமும் ஊசலாடுவதுதான் மீனை மெல்ல நலியச் செய்யும்.

நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு மின்விசிறி இரண்டு, மூன்று டிகிரி வரை குறைக்கும். ஆனால் இது ஆவியாதலை நம்பிய முறையாதலால், கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாள்களில் அதன் பயன் சுருங்கிவிடுகிறது. கையில் பணம் இருக்குமானால் விளக்கையும் விலையுயர்ந்த அலங்காரங்களையும் தள்ளிவைத்து முதலில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். சில்லரை மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்தால் அது வெளியேற்றும் சூடு மீண்டும் தொட்டிக்கே திரும்பும். காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். ஏசி அறையில் இருக்கும் தொட்டிக்கு இரவில் குளிர் கூடாதபடி ஒரு சிறு ஹீட்டரும் தேவைப்படலாம்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். வெப்பம் அதற்குப் பிறகுதான். எனவே இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியது நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரையும் காற்றுப் பம்பையும். சில்லரும் விளக்கும் அதில் இருந்தால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். மின்சாரம் நின்றவுடன் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்றையும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை நினைத்துப் பார்த்தால், அக்டோபர் பிறக்கும் முன்பே இந்த ஏற்பாட்டைச் சோதித்துவிடுவது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். மின்தடையின்போது இரை போடக் கூடாது. தண்ணீர் சூடேறினால், மூடிய புட்டியில் உறைந்த பனிக்கட்டியை மிதக்கவிட்டு மெதுவாகக் குறைக்க வேண்டும். கேனிஸ்டர் எனப்படும் மூடிய வெளிவடிகட்டி வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் நின்றுபோன வடிகட்டியை அப்படியே இயக்கிவிடக் கூடாது. உள்ளே ஆக்சிஜனின்றி அழுகிய நீர் தொட்டிக்குள் பாய்ந்துவிடும். அதைத் திறந்து அலசிய பிறகே ஓட்ட வேண்டும்.

கொசு மருந்து

வெளிநாட்டுக் கையேடுகளில் அதிகம் பேசப்படாத, சென்னையில் மறக்கவே கூடாத ஆபத்து இது. செருகி வைக்கும் திரவக் கொசுவிரட்டி, கொசுவத்தி, கரப்பான்பூச்சி ஸ்பிரே ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரத்ராய்டு வகை மருந்து. மனிதருக்குத் தீங்கு குறைவாக இருக்கும் அதே அளவு, மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. காற்றுப் பம்பும், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துவதால், தொட்டி இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது. சன்னலுக்கு வலை அடிப்பதே இரு தரப்பாருக்கும் நல்லது. மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவில் வரும் ஓசை கேட்டால் சன்னல்களைச் சாத்திவிட்டு, காற்றுப் பம்பை நிறுத்தி, ஸ்கிம்மரின் காற்றுக்குழாயையும் மூடிவிட வேண்டும். நீரோட்டப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கட்டும். புகை அடங்கியபின் நஞ்சை உறிஞ்சும் புதிய செயல்மிகு கரியைச் சம்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டியில், வைக்கலாம். பெயிண்ட், பீனாயில், போகிப் புகை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடையில் பார்க்க வேண்டியவை

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை நன்னீர் மீன்களை விற்பவை. கடல்மீன் வைத்திருக்கும் கடைகளுக்குச் சரக்கு வந்த அன்றே போய் வாங்கிவிடக் கூடாது. பிடிபட்டது, பல கைகள் மாறியது, பையில் அடைபட்டுப் பயணித்தது ஆகிய அலைச்சலில் நலிந்த மீன் முதல் வாரத்திலேயே தன் நிலையைக் காட்டிவிடும். முன்பணம் கொடுத்து, ஒரு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்வது நல்ல வழக்கம். தென்கிழக்காசியாவில் சில இடங்களில் இன்னும் சயனைடு தெளித்து மீன் பிடிப்பதுண்டு என்பதால், வெளியில் நலமாகத் தோன்றும் மீனும் பின்னர் நலிவடையக்கூடும். இந்தக் காத்திருப்பு அந்த இடரை முற்றாக நீக்காவிட்டாலும் குறைக்கும்.

கடைக்காரரிடம் உங்கள் கண்முன்னே இரை போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். பக்கவாட்டில் பார்ப்பதோடு நிற்காமல், நேர் எதிரிலும் மேலிருந்தும் பாருங்கள்: தலைக்குப் பின்னே முதுகுச்சதை ஒட்டி, வயிறு உள்வாங்கியிருந்தால் அது நெடுநாள் பட்டினியின் அடையாளம். மூச்சிரைப்பு, ஒரே மூலையில் மேற்பரப்பை நோக்கி நிற்பது, உடலைப் பாறையில் உரசுவது ஆகியவை செவுளில் ஒட்டுண்ணி இருப்பதைக் குறிக்கலாம். காப்பர்பேண்டில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் தவிர்த்து இடைப்பட்ட அளவிலானதைத் தேர்வது நலம். கோமாளி மீன் வாங்குவோர் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததையே கேட்டு வாங்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையின் நீரில் சொட்டுச்சொட்டாகத் தொட்டிநீரை மணிக்கணக்கில் கலக்கும் பழைய பழக்கம், நெடும்பயணம் செய்த மீனுக்குத் தீமையே செய்யும். இதன் காரணத்தைப் புரிந்துகொள்வது பயனுள்ளது. மூடிய பையில் மீன் வெளியிடும் கரியமிலவாயு சேர்ந்து நீரின் பிஎச் அளவு இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் கழிவு அம்மோனியா பெரும்பாலும் நச்சுக்குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. மீன் அந்த நீரிலேயே நிற்க நிற்கச் செவுள் வெந்துபோகும். ஆகவே மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தியபின், புதிய மீனை முதலில் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியின் உப்புத்தன்மையைப் பைநீரின் அளவுக்கு முன்கூட்டியே இறக்கி வைத்து, பையைத் திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிட வேண்டும். கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வரும் மீனுக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை. எப்படி இருந்தாலும் பைநீரைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது.

தனிமைத் தொட்டி

இதற்கு இடமில்லை என்பவர் மென்மையான மீன்களை வாங்காதிருப்பதே மேல் என்று நான் கருதுகிறேன். 60 முதல் 80 லிட்டர் கொள்ளும் வெற்றுக் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள், பெரிய தொட்டியின் சம்பில் ஒரு மாதம் ஊறிய ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒரு மூடி ஆகியவை போதும். புதிய மீன் இதில் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் இருக்க வேண்டும்.

அஞ்சவேண்டிய நோய்கள் பெரும்பாலும் மூன்று. உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகளைக் காட்டும் கிரிப்டோகேரியான் முதலாவது. இந்த ஒட்டுண்ணி சில நாள்கள் மீனின் தோலிலும் செவுளிலும் வளர்ந்து, பின் உதிர்ந்து தரையில் கூடு கட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வருகிறது. புள்ளிகள் மறைந்தவுடன் நோய் தீர்ந்தது என்று நம்பிப் பூண்டுச்சாற்றுக்கு நன்றி சொல்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அது தரையில் அடுத்த சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். கூட்டிலிருந்து வெளிவர 72 நாள் வரை எடுத்துக்கொண்டது பதிவாகியிருப்பதால், பெரிய தொட்டியில் இது புகுந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்து 11 வாரம் காலியாக விடவேண்டி வரும். இரண்டாவது, பொன்துகள் படிந்ததுபோல் தோன்றும் வெல்வெட் நோய். புள்ளி கண்ணில் படும் முன்பே செவுளை அடைத்து இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். இவ்விரண்டுக்கும் தாமிர மருந்து பயன்படும். மூன்றாவதான புரூக்ளினெல்லா கோமாளி மீன்களில் அதிகம் காணப்படும், தோலிலிருந்து சளிபோல் உரியும் நோய். அதற்குத் தாமிரம் பயன்படாது, ஃபார்மலின் குளியலே வேண்டும்.

தாமிரத்தின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வெறும் அயனித் தாமிரமாயின் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்; பிணைக்கப்பட்ட வகையாயின் அதைப்போலப் பத்து மடங்கு வரை போகும். உறையில் சொன்ன அளவுக்கு, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, சோதனைக்கருவியால் தினமும் அளந்து, ஒரு மாதம் குறையாமல் நிறுத்த வேண்டும். இடையில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அப்போது தொட்டியில் பாறையோ மணலோ கரியோ இருக்கக் கூடாது. அவை தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அம்மோனியாவை முறிக்கும் திரவங்களையும் தாமிரத்தோடு சேர்த்து ஊற்றக் கூடாது. அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுவது ஒன்றே வழி, மாற்றும் நீரிலும் அதே அளவு தாமிரம் கலந்திருக்க வேண்டும். மாண்டரினும் லெப்பர்ட் ராஸும் தாமிரத்தைச் சரியாகத் தாங்குவதில்லை. அவற்றை ஒவ்வொரு 72 மணி நேரத்துக்கும் ஒரு முறை, கழுவி உலர்த்திய வேறொரு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால் உதிரும் கிரிப்டோகேரியான் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். வெல்வெட்டுக்கு இம்முறை போதாது.

இரை

தனிமைத் தொட்டியில் கழியும் வாரங்களின் மற்றொரு நோக்கம், மீனுக்குத் தொட்டி இரையைப் பழக்குவது. காப்பர்பேண்ட் முதலில் எதையும் தொடாது. காசிமேட்டிலோ அருகிலுள்ள மீன்சந்தையிலோ உயிருள்ள மட்டி கிடைத்தால், ஓட்டைப் பிளந்து அப்படியே உள்ளே வையுங்கள். நீண்ட மூக்கால் சதையைக் கொத்தி இழுப்பது அதன் இயல்புக்கு ஒத்தது. கொத்தத் தொடங்கியபின் ஓட்டுக்குள்ளேயே உறைந்த மைசிஸ் இறாலைப் பொதிந்து வைத்து, பிறகு ஓடில்லாமல் மைசிஸை மட்டும் தரலாம். மீந்த மட்டியை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

மீனுக்கு இரையாகும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டை பொரிக்க 28 டிகிரியும் ஒரு நாளும் போதுமாதலால், ஹீட்டரின்றியே சென்னைச் சமையலறை மேடையில் பொரித்துவிடலாம். நம் வெயிலால் விளையும் நன்மைகளுள் இது ஒன்று. பொரித்த அன்றே தர வேண்டும். ஒரு நாள் கடந்தால் மஞ்சள்கரு கரைந்து சத்து போய்விடும். வளர்ந்த ஆர்ட்டீமியாவைச் சத்தூட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழு கழிவுநீரில் வளர்வது, உப்பில் உடனே இறப்பது. கடல்மீனுக்கு அது வேண்டாம். இறால், கணவாய், மட்டி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி உறையவைத்து மாற்றி மாற்றித் தரலாம். மட்டியிலும் சில சிறு மீன்களிலும் உள்ள ஒரு நொதி தயமின் என்ற வைட்டமினைச் சிதைப்பதால், ஒரே பொருளை மாதக்கணக்கில் தருவது ஆபத்து. டாங் வகைகளுக்கு உப்பும் மசாலாவும் சேர்க்காத நோரி என்னும் கடற்பாசித் தாள் தினமும் இருக்க வேண்டும்.

எத்தனை முறை என்பது இனத்தைப் பொறுத்தது. ஆந்தியாஸுக்கு நாளுக்கு மூன்று முறைக்குக் குறைந்தால் மெலியத் தொடங்கும். அலுவலகம் செல்பவர்கள் தானியங்கி இரையிடும் கருவியைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மாண்டரின் விழித்திருக்கும் நேரமெல்லாம் பாறையில், இறாலுக்கு உறவான கோப்பிபாடு என்னும் நுண்ணிய உயிர்களைக் கொத்திக்கொண்டே இருப்பது. 300 லிட்டருக்குக் குறையாத முதிர்ந்த தொட்டியும், கோப்பிபாடுகள் தின்னப்படாமல் பெருகப் பாசி வளர்க்கும், தொட்டியோடு இணைந்த தனிப் பகுதி ஒன்றும் இல்லாமல் அதை நெடுநாள் வைத்திருப்பது அரிது. லெப்பர்ட் ராஸுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழ மெல்லிய மணல் வேண்டும். தனிமைத் தொட்டியில் மணலை ஒரு டப்பாவில் வைக்கலாம். வந்த புதிதில் அது பல நாள் மணலுக்குள் புதைந்தே கிடக்கும். இறந்துவிட்டதோ என்று கிளறித் தேடுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய தீங்கு. ராஸ்களும் ஆந்தியாஸும் துள்ளி வெளியே விழுபவை. சன்னலுக்கு அடித்த கொசுவலையில் மீந்த துண்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் காற்றோட்டத்தைத் தடுக்காத மூடி கிடைத்துவிடும்.

வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றுவது, உப்புத்தன்மையும் வெப்பமும் சமமாக உள்ளதைச் சரிபார்த்து ஊற்றுவது, நைட்ரேட்டை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் வைக்க முயல்வது ஆகியவை வழக்கமான வேலைகள். நன்றாகத் தின்றுகொண்டிருந்த மீன் ஒரு நாள் இரையை மறுத்தால், மருந்தைத் தேடும் முன் வெப்பம், உப்புத்தன்மை, அம்மோனியா, நீரோட்டம் என்ற வரிசையில் அளந்து பார்க்க வேண்டும். பிறகு, வேறொரு மீன் அதைத் துரத்துகிறதா என்று அறை விளக்கை அணைத்துத் தள்ளி நின்று கவனிக்க வேண்டும்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகும்போது தொட்டியைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைப்பவர்கள், இரை டப்பாவை அவர்கள் கையில் கொடுத்துவிடக் கூடாது. பரிவோடு அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு வேளைக்கு ஒன்றாக, கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் பிரித்து வைத்து, மீதியைப் பூட்டிவிடுங்கள். மின்சாரம் போனால் எந்த சுவிட்சைப் போட வேண்டும், மட்டம் குறைந்தால் எந்தக் கேனிலிருந்து ஊற்ற வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு, புறப்படுவதற்கு முந்தைய நாள் அவர்களையே ஒருமுறை எல்லாவற்றையும் செய்யச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.